ஜெர்மனியில் வாடகை வீடு: புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஸ்டுட்கார்ட் பக்கம் குடும்பத்தோடு ஒன்பது வருடமாக இருக்கிறேன். இதற்குள் மூன்று வாடகை வீடுகள் மாறியாயிற்று. வேலை கிடைத்து இங்கே கிளம்புகிறவர்கள், நண்பர்கள், நண்பர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டு அழைத்துக்கொண்டே இருப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் அவசரமாகச் சொல்வதை இந்த முறை நிதானமாக எழுதி வைக்கிறேன். வேலைக்கு வருபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. மாணவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

ஊரில் இருக்கும்போதே நல்ல வீடாகப் பிடித்துவிட்டு விமானம் ஏறலாமா?

வேண்டாம். நான் முதலில் சொல்வதும் கடைசியில் சொல்வதும் இதைத்தான். இங்கே வீட்டுக்காரர்கள் ஆளை நேரில் பார்க்காமல் வீடு கொடுப்பது அபூர்வம். நல்ல வீடு ஒன்று விளம்பரத்துக்கு வந்தால் பெரிய நகரங்களில் அன்றைக்கே ஏராளமான விண்ணப்பங்கள் குவிந்துவிடும். அந்த வரிசையில் இந்தியத் தொலைபேசி எண்ணோடு, ஜெர்மன் சம்பளச் சீட்டு இல்லாமல் நிற்கும் உங்களை எடுத்துப் பார்க்க அவருக்குக் காரணமே இல்லை. 'வர வேண்டாம், பார்க்க வேண்டாம், பணத்தை மட்டும் அனுப்புங்கள்' என்று ஒருவர் ஆர்வம் காட்டினால் அவர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்.

அதனால் இரண்டு வீடு என்று திட்டம் போடுங்கள். முதலில் இரண்டு மூன்று மாதத்துக்கு, கட்டில், சமையலறை, போர்வை எல்லாம் உள்ள ஒரு தற்காலிக வீடு. வாடகை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதை இடம்பெயரும் செலவில் சேர்த்துவிடுங்கள். வேலை கொடுக்கும் நிறுவனத்திடம் முதல் மாதங்களுக்கு வீடு தருவீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் கொடுக்கும், கேட்காவிட்டால் வாய் திறக்காத நிறுவனங்கள் நிறைய. அந்த இடத்தில் இருந்துகொண்டு நிலையான வீட்டைத் தேடுங்கள். முடிந்தால் மனைவி மக்களை அந்த இரண்டாவது வீட்டுக்கே நேரடியாக அழைத்து வாருங்கள்.

தற்காலிக வீடுதானே, எதுவானாலும் சரிதானே?

இல்லை. அந்த முகவரியில் உங்களைப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டாக வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். ஜெர்மனியில் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் அந்த முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, 'இவர் இன்ன தேதியில் என் வீட்டுக்குக் குடிவந்தார்' என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு தாள் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, அந்தத் தாள் தனி.

இந்தப் பதிவு இல்லாமல் இங்கே ஒன்றும் நகராது. பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வீட்டுக்கு வரும். அந்த எண் வருவதற்குள் சம்பள நாள் வந்துவிட்டால், நிறுவனம் உங்களை ஆறாம் வரி வகுப்பில் போட்டுப் பிடித்தம் செய்யலாம். இருப்பதிலேயே அதிகம் பிடிப்பது அந்த வகுப்புதான். பிறகு சரிசெய்து தருவார்கள் என்றாலும், கையில் காசு தேவைப்படும் முதல் மாதத்தில் அது பெரிய அடி. வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதி அட்டை, பிள்ளைகளின் பள்ளி எல்லாமே இந்தப் பதிவுக்குப் பிறகுதான் சீராக நடக்கும்.

சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளில் பெரும்பாலும் பதிவு செய்ய விடமாட்டார்கள். ஆகவே பணம் கட்டும் முன்பே, 'இங்கே அன்மெல்டுங் செய்யலாமா? அதற்கான தாளைக் கொடுப்பீர்களா?' என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். காசு கொடுத்தால் வேறொரு முகவரியில் பதிந்து தருகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. நாம் குடியிருக்காத வீட்டின் பெயரில் அப்படித் தாள் கொடுப்பது குற்றம், 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெரிய நகரங்களில் பதிவுக்கு நேரம் கிடைப்பதே பாடு. ஊரில் இருக்கும்போதே இணையத்தில் நேரம் எடுத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் கிடைக்கவில்லை என்றால், முயன்றதற்கான சான்றாக, நேரம் எடுத்ததற்கு வந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அஞ்சல் பெட்டியில் பெயர் ஒட்ட வேண்டும் என்கிறார்களே, அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். அடுக்குமாடிக்கு இங்கே கதவு எண் கிடையாது. தெருவும் கட்டட எண்ணும்தான் முகவரி. தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை என எல்லாம் வருவது தபாலில்தான்.

இதில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ இனிஷியலோதான். கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே இங்குள்ள அலுவலகங்கள் பின்பற்றும். கணவனுக்கு ஒரு பெயர், மனைவிக்கு வேறு, பிள்ளைக்கு இன்னொன்று என்று கடிதங்கள் வரும். ஆகவே கடவுச்சீட்டில் உள்ளபடி, வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். தற்காலிக வீட்டில் வேறொருவர் பெயர் ஏற்கெனவே இருந்தாலும் அதன் கீழே உங்கள் பெயரை ஒட்ட அனுமதி கேளுங்கள்.

விளம்பரத்தில் '2 அறை வீடு' என்றால் நம் ஊர் டபுள் பெட்ரூமா?

இல்லை. இங்கே ஹாலும் ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. ஆக, 2 அறை வீடு என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. நம் டபுள் பெட்ரூம் வேண்டுமென்றால் 3 அறை என்று தேட வேண்டும்.

சதுர மீட்டரையும் கவனியுங்கள். ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய பத்தே முக்கால் சதுர அடி. பால்கனியின் பரப்பில் வழக்கமாகக் கால் பங்கைத்தான் வீட்டின் பரப்பில் சேர்ப்பார்கள். மேல் மாடியில் கூரை சாய்ந்திருக்கும் வீடுகளில், ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் இடம் கணக்கிலேயே வராது, ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் வரை பாதி. அதனால் கூரை வீடு காகிதத்தில் சின்னதாகவும் நேரில் பெரிதாகவும் தெரியும். கோடையில் சூடு தாங்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள், இங்கே வீடுகளில் பெரும்பாலும் ஏசி கிடையாது.

குளிர் வாடகை, சூடு வாடகை என்கிறார்களே, எது நான் கட்டுவது?

இரண்டுமே ஒரே வீட்டின் வாடகைதான். 'கால்ட்மீட்டே' என்பது சுவர்களுக்கான வாடகை மட்டும். அதோடு வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு, கட்டடப் பராமரிப்பு என்று 'நேபன்கோஸ்டன்' சேர்ந்தால் 'வார்ம்மீட்டே'. மாதாமாதம் வீட்டுக்காரருக்குப் போவது இந்த வார்ம்மீட்டே. ஒரு கணக்குக்கு, சுவர் வாடகை 1,100, மற்றவை 280 என்றால் நீங்கள் அனுப்புவது 1,380 யூரோ. இதிலும் வீட்டு மின்சாரமும் இணையமும் பொதுவாகச் சேராது. அவற்றுக்கு நீங்களே தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். வீட்டில் தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் வேறு. கடிதம் வரும், அதை மோசடி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மாதாமாதம் கட்டும் நேபன்கோஸ்டன் வெறும் உத்தேசத் தொகை என்பதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. வருடம் முடிந்ததும் வீட்டுக்காரர் உண்மையான செலவைக் கணக்குப் போட்டு அனுப்புவார். குறைவாகச் செலவழித்திருந்தால் பணம் திரும்ப வரும், அதிகமென்றால் கட்ட வேண்டும். கணக்காண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தக் கணக்கு உங்கள் கைக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால், பொதுவாக அவர் கூடுதல் பணம் கேட்க முடியாது. எங்களுக்கு முதல் குளிர்காலம் முடிந்து வந்த கணக்கு ஒரு மாதச் சேமிப்பையே கொண்டுபோய்விட்டது. ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, காற்றுக்காக ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்து வைத்திருந்தோம். யாரும் சொல்லித் தரவில்லை, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

வீட்டில் சமையலறை இருக்காது என்பது நிஜமா?

நிஜம். பல வீடுகளில் சமையலறை என்ற அறை இருக்கும், அதில் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி ஒன்றும் இருக்காது. கூரையில் விளக்குகூட இல்லாமல் வெறும் ஒயர் தொங்கும். சாவி வாங்கிய அன்று சாயங்காலமே இருட்டில் நிற்க வேண்டியதாகிவிடும், ஒரு மேசை விளக்காவது கையோடு கொண்டு போங்கள்.

விளம்பரத்தில் 'ஐன்பாவ்க்யூஷே' என்றோ சுருக்கமாக 'ஈபிகே' என்றோ இருந்தால் சமையலறை பொருத்தப்பட்ட வீடு. புதிதாக வருபவர்கள் கொஞ்சம் வாடகை கூடினாலும் இதையே தேடுவது நல்லது. புதிதாகச் சமையலறை வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும், செய்து பொருத்தி முடிக்க வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இன்னொரு வழி, காலி செய்து போகிறவரிடமே அவருடைய சமையலறையை விலை பேசி வாங்கிக்கொள்வது. இது இங்கே சகஜம். ஆனால் விலை நியாயமாக இருக்க வேண்டும். பழைய அலமாரிக்குப் புது விலை கேட்டால் பேரம் பேசுங்கள், என்னென்ன வாங்கினீர்கள் என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

மின்சார அடுப்புக்கு இங்கே 400 வோல்ட் தனி இணைப்பு. அதை எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் பொருத்த வேண்டும். எரிவாயு அடுப்பு அரிது, கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்புகள்தான் எங்கும். அடி உருண்ட வாணலியை ஊரிலிருந்து சுமந்து வராதீர்கள், அடி தட்டையான பாத்திரங்கள் மட்டும் எடுத்து வாருங்கள். இரும்பு தோசைக்கல் இண்டக்ஷனில் நன்றாகவே வேலை செய்யும், கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கிரைண்டர், மிக்ஸிக்கு மின் அழுத்தம் ஒன்றேதான். மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும்.

என்னென்ன காகிதங்கள் கேட்பார்கள்?

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், 'ஷூஃபா' எனப்படும் கடன் நம்பகச் சான்று, நீங்கள் நிரப்பித் தரும் சுயவிவரப் படிவம், முந்தைய வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம். புதிதாக வந்தவருக்கு இவற்றில் பாதி இருக்காது. வேலை ஒப்பந்தத்தையும், நிறுவனத்தின் மனிதவளத் துறை தரும் ஒரு கடிதத்தையும் முன்னால் வையுங்கள். குடும்பம் யார், என்ன வேலை, எப்போதிலிருந்து வீடு வேண்டும், புகை பிடிப்பீர்களா, செல்லப் பிராணி உண்டா என்பதை ஜெர்மன் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதிச் சேருங்கள். எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பாக இருக்கட்டும். நிகரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகக் கூடாது என்பது பல வீட்டுக்காரர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. நீங்களும் அதையே வைத்துக்கொண்டு தேடுங்கள்.

ஷூஃபாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் உங்களைப் பற்றிய விவரமே அவர்களிடம் சேரத் தொடங்கும். வீட்டுக்காரரிடம் கொடுக்கும் சான்றுக்குச் சுமார் 30 யூரோ. இலவசமாகக் கேட்டுப் பெறும் தகவல் நகலில் உங்களைப் பற்றி எல்லாமே இருக்கும், அதை வெளியாருக்குக் கொடுக்காதீர்கள். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கடவுச்சீட்டு நகலும் சம்பளச் சீட்டும் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கே தேடுவது? தரகர் வைக்கலாமா?

இம்மோஸ்கவுட்24, இம்மோவெல்ட், க்ளைன்அன்ட்சைகன் ஆகிய தளங்கள்தான் பொதுவாக எல்லோரும் தேடுவது. பகிர்ந்து குடியிருக்கும் அறைகளுக்கு டபிள்யூஜி-கெசுக்ட். புது விளம்பரம் வந்ததும் தகவல் வரும்படி அமைத்துவிட்டு, வந்த நிமிடத்திலேயே விண்ணப்பியுங்கள். இதைத் தவிர ஊருக்கு ஊர் வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினராகிக் காத்திருக்க வேண்டும், ஆனால் வாடகை நியாயமாக இருக்கும். வந்த உடனே பெயர் கொடுத்து வைத்தால் மூன்றாம் நான்காம் வருடத்தில் பலன் கிடைக்கலாம்.

நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையை விடாமல் பாருங்கள். எங்கள் இரண்டாவது வீடு அங்கேதான் கிடைத்தது. ஈழத் தமிழர்கள் 1980களிலிருந்து இந்த நாட்டில் வேரூன்றியவர்கள். டார்ட்முண்ட், எஸ்ஸன் வட்டாரங்களில் அவர்களுடைய கடைகளும், ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலும் வெறும் வழிபாட்டுக்கும் சாமான் வாங்கவும் மட்டுமல்ல. 'அண்ணா, வீடு ஏதாவது காலியாகுதா?' என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இணையத்துக்கு வராத வீடுகள் இப்படி வாய்வழியாகத்தான் கை மாறுகின்றன.

தரகரைப் பொறுத்தவரை, 2015 ஜூன் முதல், யார் அவரை ஏற்பாடு செய்தாரோ அவர்தான் கூலி கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்திய தரகர் உங்களிடம் கமிஷன் கேட்டால் தவறு. வீடு சுற்றிக் காட்டுவதற்குக் காசு கேட்பதும் அப்படித்தான்.

வீடு பார்க்கப் போகும்போது எப்படி நடந்துகொள்வது?

சொன்ன நேரத்துக்குப் போங்கள், ஐந்து நிமிடம் முன்பே இருந்தால் இன்னும் நல்லது. ஜெர்மன் அரைகுறையாக இருந்தாலும் இரண்டு வாக்கியம் பேசுங்கள். அந்த பிடிஎஃப் கோப்பை அச்சிட்டு எடுத்துப் போங்கள். சுவர் மூலைகளிலும் குளியலறை ஜன்னல் ஓரத்திலும் கறுப்புப் பூசணம் இருக்கிறதா பாருங்கள். வெப்பமூட்டல் வாயுவா, எண்ணெயா, பகுதி முழுமைக்கும் ஒரே நிலையத்திலிருந்து வரும் வெப்பக் குழாயா என்று கேளுங்கள். வீடு எவ்வளவு எரிசக்தி தின்னும் என்று காட்டும் எரிசக்திச் சான்றில் ஏ-பிளஸ் தொடங்கி எச் வரை தரம் இருக்கும். கடைசி எழுத்துகளில் இருக்கும் வீட்டுக்கு வாடகை குறைவாக இருந்தாலும் குளிர்காலத்தில் பணம் கரையும். பிடித்திருந்தால் அன்றைக்கு மாலையே நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஏமாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

கதை கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். நகரின் நடுவில் அழகான வீடு, வாடகை அக்கம்பக்கத்தைவிட ரொம்பக் குறைவு. வீட்டுக்காரர் தான் வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகச் சொல்வார். சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முன்பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்பார். நம்பிக்கை வரட்டும் என்று தன் கடவுச்சீட்டின் படத்தையும் அனுப்புவார். அது இன்னொரு ஏமாந்தவரிடம் வாங்கிய படமாகவே இருக்கலாம். சிலர் பெயர்பெற்ற தங்குமிடத் தளம் ஒன்றின் பக்கம் போலவே போலிப் பக்கம் செய்து, அதில் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், வேலையில் சேர ஒரு வாரம் இருக்கும்போது, இப்படி இரண்டு மாத வாடகையை இழந்தான். வீட்டில் நகை வைத்து வாங்கிய பணம். அவன் அறிவில் குறைவில்லை. பெற்றோர் நிம்மதியாக இருக்கட்டும் என்று, போய் இறங்கும் முன்பே வீடு உறுதியாகிவிட வேண்டும் என்ற தவிப்பில் இருந்தான். அந்தத் தவிப்பைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள்.

ஒரே விதி. நீங்களோ, நீங்கள் நம்பும் ஒருவரோ வீட்டுக்குள் கால் வைத்துப் பார்த்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். தற்காலிக வீட்டை ஊரிலிருந்தே எடுப்பதானால், பெயர்பெற்ற நிறுவனத்தின் தளத்துக்குள்ளேயே பணம் கட்டுங்கள். அதற்கு வெளியே வா என்று அழைத்தால் போகாதீர்கள். அந்த நகரத்தில் தெரிந்தவர் யாரும் இல்லையா? நிறுவனத்தில் உங்கள் குழுவில் இருக்கப்போகிறவரிடம் ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் செய்வார்கள்.

முன்பணம் (காலி செய்யும்போது திரும்ப வரும் அட்வான்ஸ்) எவ்வளவு?

அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே. அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. அதையும் மூன்று சம தவணைகளாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தவணை குடிபோகும்போது, மீதி இரண்டும் அடுத்த இரண்டு மாத வாடகையோடு. பலர் இது தெரியாமல் மொத்தத்தையும் புரட்டத் தவிக்கிறார்கள். வீட்டுக்காரர் இந்தப் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், வட்டியும் உங்களுடையது. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது?

நான் பார்ப்பது மூன்றைத்தான். ஒன்று, வாடகை எப்படி உயரும். 'ஷ்டாஃபல்மீட்டே' என்றால் இந்த வருடம் இவ்வளவு, அடுத்த வருடம் இவ்வளவு என்று முன்பே எழுதியிருக்கும். 'இண்டெக்ஸ்மீட்டே' என்றால் விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும். விலைவாசி துள்ளும் வருடங்களில் இது கடிக்கும். இரண்டு, குறைந்தபட்சம் இத்தனை காலம் காலி செய்ய மாட்டேன் என்ற பிரிவு இருக்கிறதா. நான்கு வருடம் வரை அப்படி எழுதலாம். வேலை மாறக்கூடியவர் என்றால் இதை நீக்கச் சொல்லியோ ஒரு வருடமாகக் குறைக்கச் சொல்லியோ கேளுங்கள். மூன்று, வீட்டோடு வரும் நிலவறை, வண்டி நிறுத்துமிடம், சமையலறை எல்லாம் எழுத்தில் இருக்கின்றனவா.

ஜெர்மன் புரியாத ஒப்பந்தத்தில் அவசரத்தில் கையெழுத்து வேண்டாம். ஊருக்கு ஊர் 'மீட்டர்ஃபெராயின்' என்ற வாடகைதாரர் சங்கங்கள் இருக்கின்றன. சிறிய ஆண்டுச் சந்தாவில் வழக்கறிஞர் ஆலோசனை கிடைக்கும். வந்த முதல் வருடமே சேர்ந்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கேட்கும் வாடகை அநியாயமாக இருந்தால்?

நெருக்கடி உள்ள நகரங்களில் புது ஒப்பந்தத்தின் வாடகை, அந்தப் பகுதியின் ஒப்பீட்டு வாடகையைவிட (அதே போன்ற வீடுகளுக்கு அங்கே வழக்கமாக உள்ள வாடகை) 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015 முதல் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை 2029 முடியும் வரை நீட்டித்திருக்கிறார்கள். 2014 அக்டோபர் 1க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய புது வீடுகளுக்கு இது பொருந்தாது. ஒப்பீட்டு வாடகைப் பட்டியலை உங்கள் நகராட்சித் தளத்தில் பார்க்கலாம். குடிபோன பிறகும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம் என்பதால், வீடு கையில் இல்லாத நேரத்தில் இதை வைத்துச் சண்டை போட வேண்டாம். குடியேறி மூச்சு விட்டுக்கொண்டு, சங்கத்தைக் கேட்டுச் செய்யுங்கள்.

சாவி வாங்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

வீட்டுக்காரரோடு ஒவ்வோர் அறையாக நடந்து, கீறல், கறை, உடைந்த கைப்பிடி, ஓடாத குழாய் எல்லாவற்றையும் ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதச் செய்யுங்கள். மின்சாரம், தண்ணீர், வெப்ப மீட்டர் அளவுகளையும், எத்தனை சாவி வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். சின்னக் கீறலை எழுதச் சொல்ல நமக்குச் சங்கடமாக இருக்கும், 'பரவாயில்லை, விடுங்கள்' என்போம். விடாதீர்கள். எங்கள் முதல் வீட்டில் நாங்கள் விட்ட ஒரு தரைக் கீறலுக்கு, காலி செய்யும்போது நாங்களே பணம் கொடுத்தோம்.

அப்புறம், நம்மால் பிறருக்குச் சேதம் வந்தால் ஈடு கட்டும் மூன்றாம் தரப்பு இழப்பீட்டுக் காப்பீடு ஒன்று உடனே எடுங்கள், சாவி தொலைவதையும் சேர்த்து. கட்டடம் முழுக்கப் பொதுவான பூட்டு முறை இருந்தால், ஒரு சாவி தொலைந்ததற்கு எல்லாப் பூட்டையும் மாற்ற வேண்டி வரலாம்.

நம் பெயரைப் பார்த்தே வீடு மறுப்பார்களா?

நடக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2006இல் வந்த சமத்துவச் சட்டம் இனம், நிறம் காரணமாக வீடு மறுப்பதைத் தடுக்கிறது. ஆதாரம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும், கூட்டரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகத்தில் இலவச ஆலோசனை உண்டு. ஆனால் பெரும்பாலும் பதிலே வராது என்பதுதான் நடப்பது, மௌனத்துக்கு ஆதாரம் காட்ட முடியாது. நாற்பது விண்ணப்பத்துக்கு இரண்டு பதில் வந்தால் உங்களிடம் ஏதோ குறை என்று நினைக்காதீர்கள். ஜெர்மன்காரர்களுக்கே வீடு கிடைக்காத நகரங்கள் இவை. மனம் விட்டுப்போகும் வாரங்களில் ஒருவரோடாவது பேசுங்கள், தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள்.

குடிபோன பிறகு அக்கம்பக்கத்தோடு எதில் சிக்கல் வரும்?

தாளிக்கும் வாசம் முதலாவது. வீடு பார்க்கும்போதே அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, கரி வடிகட்டி வழியாக வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறதா என்று பாருங்கள். வெளியே தள்ளுவதுதான் நமக்கு ஏற்றது. சமைக்கும்போது வாசற்கதவைத் திறந்து வைக்காதீர்கள், ஜன்னலைத் திறங்கள்.

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையும், ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். இட்லிக்கு மாவு ஆட்டுவது சனிக்கிழமைப் பகலில் இருக்கட்டும், கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். படிக்கட்டுப் பகுதி தீ விபத்தில் தப்பும் வழி என்பதால், செருப்பு அலமாரியை வாசலுக்கு வெளியே வைத்தால் புகார் வரும். வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமையில் அது அலறாமல் இருக்க, ஜன்னலோரமாகக் கொஞ்சமாகப் போடுங்கள்.

ஸ்டுட்கார்ட் பக்கம் வருபவர்களுக்கு 'கேர்வோக்கே' என்று ஒன்று உண்டு. வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கினால் அது உங்கள் வாரம். எங்கள் மேல் வீட்டுப் பாட்டி எங்களிடம் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்ததே என் மனைவி முதல் முறை அந்தப் படிகளைத் துடைத்த பிறகுதான்.

குளிர்காலத்தில் ஈரத்துணியை உள்ளேயே காயப்போட்டு, ஜன்னலை மூடியே வைத்திருந்தால் சுவரில் பூசணம் பிடிக்கும், பழி நம் மேல் விழும். நாளுக்கு மூன்று நான்கு முறை ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை ஐந்து பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடுங்கள். நாள் முழுக்கச் சாய்த்து வைப்பதைவிட இதுதான் சரி.

நான் மாணவன். எனக்கும் இதேதானா?

கொஞ்சம் வேறு. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே 'ஷ்டுடீரண்டன்வெர்க்' என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதிகளுக்கு விண்ணப்பியுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம். அடுத்த வழி, பகிர்ந்து குடியிருக்கும் 'வேகே' அறை. அங்கே வீட்டுக்காரரைவிட ஏற்கெனவே இருப்பவர்கள் உங்களை ஏற்க வேண்டும், அதனால் உங்களைப் பற்றி உள்ளபடி எழுதுங்கள், என்ன சமைப்பீர்கள் என்பதுகூட. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கி வைக்கும் கணக்கிலிருந்து மாதம் கைக்கு வருவது 992 யூரோ. மியூனிக்கில் ஓர் அறைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள். அக்டோபரில் வகுப்பு தொடங்குவோர்தான் அதிகம் என்பதால் செப்டம்பரில் வந்து தேடினால் திண்டாட்டம்.

காலி செய்யும்போது?

மூன்று மாத அறிவிப்பு. மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மார்ச் மாதம் அப்படிச் சேர்ந்தால் மே கடைசியில் விடலாம். மின்னஞ்சலோ வாட்ஸாப்போ செல்லாது, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சுவருக்கு வண்ணம் பூசித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், நீங்கள் வண்ணம் பூசாத வீட்டை ஈடு எதுவும் பெறாமல் வாங்கியிருந்தால் அந்தப் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது. குடிவந்த அன்று எழுதிய ஒப்படைப்புப் பத்திரம் இங்கேதான் உதவும்.

முன்பணம் உடனே வராது, சில மாதங்கள் ஆகலாம். கடைசி வருடத்தின் நேபன்கோஸ்டன் கணக்குக்காக ஒரு பகுதியை அவர் நிறுத்தி வைக்கவும் கூடும். அதனால் உங்கள் புது முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஊருக்கே திரும்புகிறீர்கள் என்றால், நகராட்சியில் பதிவை நீக்கும் வேலையையும் முடியுங்கள். முன்பணம் கைக்கு வரும் வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.